அந்தரத்தில் நின்ற வடை: பிரெஞ்சுத் தபால் அட்டை தேடி ஒரு சிங்கப்பூர்ப் பயணம்

ஒரே ஒரு தபால் அட்டைக்காக யாராவது சிங்கப்பூர் வரை போவார்களா என்று எங்கள் அலுவலகத்தில் கேட்டார்கள். போவார்கள். நான் போனேன். கடந்த பிப்ரவரியில், ஒரு வார விடுப்பில், திருச்சியிலிருந்து. இதே பைத்தியம் பிடித்தவர்கள் இன்னும் சிலர் இந்த வலைப்பூவைப் படிக்கிறீர்கள் என்பது பின்னூட்டங்களில் தெரிகிறது. உங்களுக்காகத்தான் வழி, நேரம், செலவு எல்லாவற்றையும் விவரமாக எழுதுகிறேன். நடுவில் கொஞ்சம் சொந்தக் கதையும் வரும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

புதிதாக வருகிறவர்களுக்கு ஒரு சின்ன விளக்கம். நான் சேர்ப்பது பிரெஞ்சு விலங்குக் கதைகள் அச்சான பழைய படத் தபால் அட்டைகள். காக்கையும் நரியும், ஆமையும் முயலும், ஓநாயும் ஆட்டுக்குட்டியும், மாட்டைப் பார்த்து வயிற்றை ஊதிக்கொண்ட தவளை, இப்படி. நூறு வருஷத்துக்கும் முன்னால் பிரான்ஸில் இவற்றைத் தொடர் தொடராக அச்சடித்து விற்றார்கள். ஒரு கதைக்கு ஐந்தாறு அட்டை. வாங்கியவர்கள் மொத்தமாக ஒரே உறையில் போட்டு அனுப்பிவிட மாட்டார்கள். இன்றைக்கு ஒன்று, நாளைக்கு ஒன்று என்று தபாலில் விடுவார்கள். பெறுகிறவர் வீட்டில் கதை பாதியில் நிற்கும். அடுத்தது என்ன ஆகுமோ என்று தபால்காரர் வரும் வரை வாசலையே பார்த்துக்கொண்டிருப்பார்கள். நம் வீட்டு டிவி சீரியல் மாதிரிதான், விளம்பரம் மட்டும் கிடையாது.

அப்படிப் போன அட்டைகள் இத்தனை வருஷத்தில் ஆளுக்கொரு மூலைக்குச் சிதறிவிட்டன. ஒரு தொடர் முழுசாகக் கிடைத்தால் அது பெரிய யோகம். என்னிடம் இருந்த காக்கை நரித் தொடர் ஐந்து அட்டை கொண்டது. புடைப்பு அச்சு. அதாவது காக்கையும் நரியும் காகிதத்திலிருந்து லேசாக மேலெழும்பி நிற்கும். கண்ணை மூடிக்கொண்டு தடவினால்கூட இது அலகு, இது வால் என்று விரலுக்குத் தெரியும். முதல் அட்டையில் காக்கையின் வாயில் சீஸ். இரண்டில் நரி தொப்பியைக் கழற்றிக் குனிந்து ஒரு பெரிய கும்பிடு போடுகிறது. மூன்றில் சீஸ் அந்தரத்தில். நான்கில் சீஸைக் கவ்விக்கொண்ட நரி தலையை நிமிர்த்தி மரத்தைப் பார்க்கிறது. ஐந்தில் காக்கை மட்டும், வெறும் வாயோடு, கைக்குட்டையால் கண்ணைத் துடைத்துக்கொள்கிறது.

என்னிடம் ஒன்று, இரண்டு, நான்கு, ஐந்து இருந்தன. மூன்றாவது இல்லை. நம் ஊர்க் கதையில் அந்த சீஸுக்குப் பதில் வடை. வடை விழாத வடைக் கதையை யாரிடம் கொண்டுபோய்க் காட்டுவது? ஏப்ரலில் புதுச்சேரியில் நாங்கள் சேகரிப்பாளர்கள் சிலர் சேர்ந்து ஒரு சிறு கண்காட்சி வைப்பதாக இருந்தோம். நடு ஃபிரேமை எனக்கு ஒதுக்கியிருந்தார்கள். அதில் நடுவிலேயே ஓட்டையோடு போய் நிற்க எனக்கு மனசு வரவில்லை.

அந்த மூன்றாவது அட்டை யாரிடம் இருக்கிறது என்பதும் தெரியும். சிங்கப்பூர், பிடோக், சாகுல் பாய். அறுபதைத் தாண்டியவர், துறைமுகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். பூர்வீகம் காரைக்கால். அவர் அப்பா, பிரெஞ்சுக்காரர்கள் ஆண்ட வியட்நாமில், சைகோனில் கடை வைத்திருந்து பிறகு சிங்கப்பூர் வந்தவர். வீட்டில் பிரெஞ்சுச் சாமான்கள் புழங்கியதில் மகனுக்கு இந்த ஆசை பிடித்துக்கொண்டது. வாட்ஸாப் குழு ஒன்றில் ஆறு வருஷப் பழக்கம். பதிவுத் தபாலில் எத்தனையோ அட்டை மாற்றிக்கொண்டோம். நேர்மையான மனிதர். ஆனால் அந்த மூன்றாவதைக் கேட்டால் மட்டும் பேச்சை மாற்றிவிடுவார். போன டிசம்பரில்தான் முதல் தடவையாக, "நேர்ல வாங்க கோமதி, பேசலாம்" என்று எழுதினார். அவ்வளவுதான், நான் டிக்கெட் போட்டுவிட்டேன்.

திருச்சியிலிருந்து நேரடி விமானம், நாலரை மணி நேரம். போகவர இருபத்தோராயிரம் ரூபாய்க்குக் கிடைத்தது. விசாவை ஏஜென்ட் மூலம் முன்கூட்டியே எடுத்துவிடுங்கள். அட்டைகளைக் கைப்பையில்தான் வைக்க வேண்டும், பெட்டியில் போட்டீர்களோ தொலைந்தீர்கள். பிளாஸ்டிக் உறை, அதன் இரு பக்கமும் கெட்டி அட்டை, மேலே ஒரு துணிப்பை. என் பைக்குள் நான் வைத்திருந்தது என் நாலு அட்டையும், தூண்டிலில் மாட்டும் புழுவாக இன்னொன்றும். சைகோன் முத்திரை குத்திய ஓநாய்-ஆட்டுக்குட்டி அட்டை. சாகுல் பாய் பல வருஷமாக நாக்கைத் தொங்கப் போட்டுக்கொண்டிருந்தது அதற்குத்தான்.

எங்கள் உலகத்தில் ஒரு முறை உண்டு. விற்பனைக்கு வைக்காத அட்டைக்கு விலை கேட்கக்கூடாது, அது அவமரியாதை. அதைவிட நல்லதாக ஒன்றைக் கொண்டுபோய் மேசைமேல் வைத்துவிட்டு வேறு விஷயம் பேச வேண்டும். அவருடைய சேகரிப்பை வாய் வலிக்கப் பாராட்ட வேண்டும். பச்சையாகச் சொன்னால் ஐஸ் வைக்க வேண்டும். விமானத்தில் கண்ணை மூடிக்கொண்டு அவருக்கு எந்தெந்த அட்டையைச் சொல்லி ஐஸ் வைப்பது என்றுதான் ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தேன்.

சாங்கி விமான நிலையத்தில் இறங்கியபோது சிங்கப்பூர் நேரம் மாலை ஐந்தரை. எம்ஆர்டி ரயிலில் எக்ஸ்போ நிலையத்தில் மாறினால் லிட்டில் இந்தியாவுக்கு நேராக வந்துவிடலாம். முக்கால் மணி நேரத்துக்குச் சற்று அதிகம் ஆகும், கட்டணம் இரண்டு வெள்ளிக்குச் சற்று மேல். டாலரை அங்கே நம்மவர்கள் வெள்ளி என்றுதான் சொல்கிறார்கள், நானும் அப்படியே எழுதுகிறேன். வங்கி அட்டையை வாசலில் தட்டினால் போதும், தனியாகப் பயணச்சீட்டு வேண்டாம். டன்லப் தெருவில் ஒரு சின்ன அறை, இரவுக்கு நூற்றுப் பத்து வெள்ளி. கட்டிலைச் சுற்றி நடக்க இடமில்லை, ஆனால் சுத்தம். ஜன்னலைத் திறந்தால் கீழேயிருந்து மல்லிகைப் பூ, ஊதுபத்தி, பொரிக்கிற எண்ணெய் வாசம் எல்லாம் ஒன்றாக வந்தது. திருச்சி பெரிய கடைவீதியை யாரோ இஸ்திரி போட்டு வைத்த மாதிரி இருந்தது.

மறுநாள் காலை பக்கத்துத் தேக்கா சந்தையில் ரொட்டி பிராட்டாவும், தே தாரிக் என்கிற நுரை பொங்க ஆற்றிய டீயும் சாப்பிட்டுவிட்டு பிராஸ் பாசா பக்கம் நடந்தேன். இருபது நிமிஷ நடை, கடை திறக்கிற நேரத்துக்கு வெயில் மண்டையைப் பிளக்கும். அங்கே பழைய கட்டடம் ஒன்றின் மேல்மாடியில் தபால்தலை, நாணயம், பழைய அட்டை விற்கும் ஒரு சிறிய கடை. கடைக்காரர் ஒரு சீனர், ஐம்பது வயதிருக்கும், சிரிக்காதவர். விலங்குகள் என்று எழுதிய ஷூ பெட்டியை என் முன்னால் தள்ளிவிட்டு செய்தித்தாளுக்குள் போய்விட்டார். பூனை, பூனை, மறுபடி பூனை. ஒரு மணி நேரம் கிண்டியபோது எனக்கு மூக்கு வியர்த்தது. ஆமையும் முயலும், முழுத் தொடர், ஐந்து அட்டை, புடைப்பு அச்சு, பின்பக்கம் ஒரு எழுத்துகூட எழுதப்படாதது. நூற்றெண்பது வெள்ளி. பேரம் பேசிப் பார்த்தேன், மனிதர் செய்தித்தாளிலிருந்து நிமிரவே இல்லை. சாகுல் பாய் என்ன கேட்பாரோ என்று பணத்தை இறுக்கிப் பிடித்திருந்ததால் பெருமூச்சு விட்டுவிட்டு இறங்கி வந்தேன்.

மூன்றாம் நாள் பிடோக். லிட்டில் இந்தியாவிலிருந்து இரண்டு நிலையம் தள்ளி பூகிஸ், அங்கே பச்சைத் தடத்துக்கு மாறி ஏழாவது நிலையம். அரை மணி நேரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். இறங்கி ஐந்தாறு நிமிஷம் நடந்தால் அவருடைய அடுக்குமாடி புளோக். ஒன்பதாவது மாடி. வெளிநடையில் வரிசையாகக் கற்றாழைத் தொட்டிகள்.

கதவைத் திறந்ததுமே சாகுல் பாய் ஆரம்பித்துவிட்டார். "பாய்லாம் வேணாம் கோமதி, எங்க ஆளுங்க அண்ணனை நானான்னுதான் கூப்பிடுவாங்க. வாங்க, வாங்க. உங்க கலெக்‌ஷன் மாதிரி இந்தப் பக்கம் ஒருத்தர்கிட்டயும் இல்ல லா." நான் சொல்ல வேண்டிய வசனத்தை அவர் சொல்லிக்கொண்டிருந்தார். விடுவேனா? நானும் என் பங்குக்கு எடுத்துவிட்டேன். உங்கள் தவளை அட்டையின் நிறம் மங்கவே இல்லையே என்றேன். உங்கள் கண்ணுக்கு எதுவும் தப்பாது என்றார். இவ்வளவு ஒழுங்காக யார் அடுக்குவார்கள் என்றேன். உங்களைப் போலத் தாராள மனசு யாருக்கு வரும் என்றார். அந்தத் தாராளம் என்ற சொல் எனக்கு எங்கேயோ லேசாக இடித்தது. ஆனால் சும்மா சொல்லக்கூடாது, கேட்கச் சுகமாகத்தான் இருந்தது.

சாப்பாட்டு மேசையில் அவர் மனைவி உட்கார்ந்திருந்தார். ரஹ்மத் என்று சாகுல் பாய் அறிமுகப்படுத்தினார். நீல முக்காடு, உருண்டை முகம், கண்ணிலேயே சிரிப்பு. அவர்கள் வழக்கில் அக்காவுக்கு லாத்தா. நான் வணக்கம் லாத்தா என்றதும் தலையை ஆட்டினாரே தவிர ஒரு வார்த்தை பேசவில்லை. வலது கையை மடியிலேயே வைத்திருந்தார். கூச்ச சுபாவம் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். சாகுல் நானாவே மீன் குழம்பு வைத்து, சோறு வடித்து, வடைகூடச் சுட்டிருந்தார். எனக்கு மூன்று தடவை பரிமாறினார். சாப்பிட்டு முடிக்கும் வரை இரண்டு பேருமே அந்த அட்டையின் பக்கம் போகவில்லை.

கை கழுவிவிட்டு வந்ததும் என்னால் பொறுக்க முடியவில்லை. மூன்றாவதை ஒரு தடவை பார்க்கலாமா என்று கேட்டேன். அவர் முகம் மாறியது. ஆல்பம் எடுக்க உள்ளே போவார் என்று பார்த்தால், மேசை ஓரத்தில் ஊறுகாய் ஜாடிக்குப் பக்கத்தில் கிடந்த ஒரு கூடையிலிருந்து அதை எடுத்தார். உறை இல்லை. ஒரு மூலை மடங்கியிருந்தது. அந்தரத்தில் நிற்கும் சீஸின் மேல், சரியாக அதன் மேலேயே, எண்ணெய்க் கறை.

எனக்கு எங்கிருந்துதான் அவ்வளவு ஆத்திரம் வந்ததோ. விருந்தாளி என்பதெல்லாம் மறந்துபோனது. "இதை இப்படியா வச்சிருக்கிறது பாய்? எண்ணெய்க் கை பட்டிருக்கு, மூலை மடங்கியிருக்கு. ஆறு வருஷமா இதுக்குத்தான் என்னை அலைய விட்டீங்களா?" என்று கேட்டுவிட்டேன். குரலும் உயர்ந்துவிட்டது. ரஹ்மத் லாத்தா மேசைமேல் இருந்த இடது கையை மெதுவாகக் கீழே இழுத்துக்கொண்டார். அவர் கண்ணில் இருந்த சிரிப்பும் போய்விட்டது.

"அது அவ கை, கோமதி" என்றார் சாகுல் நானா.

பிறகு அவர் சொன்னதை என் வார்த்தையில் சொல்கிறேன். ஒன்றரை வருஷத்துக்கு முன்னால் லாத்தாவுக்கு ஸ்ட்ரோக். வலது கை விழுந்தது, பேச்சு அடியோடு போனது. கேட்பது எல்லாம் புரியும், வாயில்தான் வார்த்தை வராது. பேச்சுப் பயிற்சி கொடுக்க வந்த பெண் நல்ல பெண்தான், படங்களை வரிசையாக அடுக்கி என்ன நடக்கிறது என்று சொல்லச் சொல்வார். பனியில் சறுக்குகிற பையன், கேக் வெட்டுகிற குடும்பம். லாத்தா பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொள்வார். ஐந்தாறு மாதம் ஒரு சத்தம்கூட இல்லை. ஒருநாள் நானா ஆல்பத்தை மேசைமேல் பரப்பித் தூசி தட்டிக்கொண்டிருந்தபோது, பக்கத்தில் இருந்த லாத்தா இந்த அட்டையை இழுத்துக்கொண்டார். இடது கையால் வலது கையைத் தூக்கி, விழுந்த அந்த விரலை எழும்பி நின்ற சீஸின் மேல் வைத்துத் தடவினார். "வடை" என்றார்.

அதுதான் திரும்பி வந்த முதல் வார்த்தை. அன்றிலிருந்து அட்டை ஆல்பத்துக்குள் போகவில்லை. அதற்கப்புறம் காக்கா வந்தது, தண்ணீர் வந்தது, நானாவின் பெயர் வந்தது. ஆனால் எல்லாம் ஒற்றை ஒற்றை வார்த்தை, ஒன்றோடொன்று சேரவில்லை. மீதி நாலு படமும் கிடைத்தால் கதையாகச் சொல்ல வருமோ என்று அவருக்கு ஓர் ஆசை. நான் வாட்ஸாப்பில் அனுப்பிய படங்களைக் கடையில் கொடுத்துப் பிரதி எடுத்துப் பார்த்திருக்கிறார். லாத்தா தடவிப் பார்ப்பார், விரலுக்கு ஒன்றும் அகப்படாது, ஒதுக்கித் தள்ளிவிடுவார்.

"உங்ககிட்ட ஃபோன்ல எப்படிக் கேக்குறதுன்னு தெரியல. அவ்வளவு பழைய அட்டை. ஒரு நாளைக்கு, ஒரு மணி நேரத்துக்கு மேசைல வச்சா போதும். அதான் நேர்ல வரச் சொன்னேன்" என்றார்.

எனக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது. பையைத் திறந்து நாலு அட்டையையும் வெளியே எடுத்தேன். உண்மையைச் சொல்லிவிடுகிறேன், மேசையை ஒரு தடவை துடைத்துக்கொள்ளலாமா என்று வாய் வரைக்கும் வந்தது. விழுங்கிக்கொண்டேன். உறையிலிருந்து ஒவ்வொன்றாக உருவி லாத்தாவின் முன்னால் வைத்தேன். அவர் என்னையும் கணவரையும் மாறி மாறிப் பார்த்தார். கையை வெளியே எடுக்கலாமா என்று யோசிக்கிறார் என்று எனக்குப் புரிந்தது. நானே அவருடைய இடது கையைப் பிடித்து அட்டையின் மேல் வைத்தேன்.

ரொம்ப நேரம் தடவிக்கொண்டே இருந்தார். தொப்பி, வால், கைக்குட்டை, மரக்கிளை. பிறகு அடுக்க ஆரம்பித்தார். முதலில் வைத்தது ஐந்தாவது அட்டை, அழுகிற காக்கை. அதற்குப் பக்கத்தில் நான்கு. அப்புறம் மூன்று. நானாவின் முகம் விழுந்துபோனது. படத்தை வரிசையாக வைப்பதுதான் முக்கியம் என்று அந்தப் பயிற்சிப் பெண் சொல்லியிருந்தாராம். "அது இல்ல ரஹ்மத்து, ஒண்ணுதான் மொதல்ல. இங்க பாரு, நம்பர் போட்டிருக்கு" என்று மாற்றி வைக்கப் போனார். எனக்கும் கை துறுதுறுத்தது. மூலையில் அச்சடித்த எண்ணைப் பார்த்தே பழகிய ஜன்மங்கள் நாங்கள் இரண்டு பேரும். லாத்தா அவர் கையைத் தட்டிவிட்டார். இரண்டையும் ஒன்றையும் அதே தலைகீழ் வரிசையில் வைத்து முடித்தார்.

பிறகு விரலை முதலில் வைத்த அட்டைக்குக் கொண்டுபோனார். உதடு அசைந்தது, சத்தம் வரவில்லை. மறுபடி முயன்றார். நெற்றி வியர்த்துவிட்டது.

"காக்கா," என்றார். வெகு நேரம் கழித்து, "அழுவுது."

சாகுல் நானா நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டார். இரண்டு வார்த்தை சேர்ந்து வந்தது அதுவே முதல் முறையாம், அப்புறம் சொன்னார். விரல் அடுத்த அட்டைக்குப் போனது. வாயில் சீஸோடு மரத்தை அண்ணாந்து பார்க்கும் நரி. "நரி... வந்துச்சு." அடுத்தது எண்ணெய்க் கறை படிந்த அட்டை. "வடை" என்று சட்டென்று சொன்னார், அது பழகிய வார்த்தை. தொப்பியைக் கழற்றிக் கும்பிடு போடும் நரியைத் தடவிவிட்டு ஒன்றும் சொல்லாமல் லேசாகச் சிரித்தார். கடைசி அட்டையில், சீஸை வாயில் வைத்துக்கொண்டு நிமிர்ந்து உட்கார்ந்திருக்கும் காக்கையின் அலகில் விரலை வைத்தார். அப்போது அவர் அட்டையைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தார்.

"நரி... குடுத்துடுச்சு" என்றார்.

எனக்குக் கண்ணீர் வந்துவிட்டது, மறைக்க ஒன்றுமில்லை. அந்த அட்டைகளை எத்தனை வருஷமாக எத்தனை தடவை பார்த்திருப்பேன். பின்னாலிருந்து பார்த்தால் அழுகிற காக்கையைத் தேடி நரி வருகிறது, மேலே தூக்கிப் போடுகிறது, தொப்பியைக் கழற்றி மன்னிப்புக் கேட்கிறது என்று ஒரு தடவைகூடத் தோன்றவில்லை. நானா திரும்பி நின்று சட்டைக் கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார். லாத்தா மட்டும் எங்கள் இருவரையும் பார்த்து, இதுகளுக்கு என்ன வந்தது என்கிற மாதிரி உட்கார்ந்திருந்தார். நான்காவது அட்டையில் ஒரு குழம்புக் கட்டை விரல் ரேகை விழுந்திருந்தது. அதையும் பார்த்தேன். சேகரிப்பவள் புத்தி எங்கே போகும்?

புறப்படும்போது நானா என் நாலையும் பக்குவமாக உறையில் போட்டு நீட்டினார். ரொம்ப நன்றி, பத்திரமாகக் கொண்டுபோங்கள் என்றார். லாத்தாவின் கண் அந்த உறையோடு கூடவே வந்தது. கண்காட்சியின் நடு ஃபிரேம் ஒரு நிமிஷம் மனசில் வந்து போனது. வரவில்லை என்று சொன்னால் பொய்.

"இருக்கட்டும் நானா. அஞ்சும் ஒண்ணா இங்கேயே இருக்கட்டும்" என்றேன். பாய் என்பது தானாகவே நானா ஆகியிருந்தது.

அவர் மறுத்தார், நான் விடவில்லை. ஓநாய் அட்டையையும் எடுத்து வைத்தேன். அதை மட்டும் என் கையிலேயே திருப்பிக் கொடுத்துவிட்டார். அதில் ஆட்டுக்குட்டி தப்பிக்காது, இப்போதைக்கு இந்த வீட்டுக்கு அது வேண்டாம் என்றார். ரயில் நிலையம் வரை நடந்து வந்து, எப்போக் எப்போக் என்கிற, கோழிக்கறி அடைத்துப் பொரித்த சோமாசு ஒரு பை நிறைய வாங்கிக் கொடுத்தார். பாதி வழியில் தயங்கித் தயங்கி, காலையில் என்னைப் புகழ்ந்ததெல்லாம் ஒரு காரியத்தோடுதான் என்று ஒப்புக்கொண்டார். நானும் அதற்காகத்தான் விமானத்திலேயே ஒத்திகை பார்த்துவிட்டு வந்தேன் என்றேன். பிடோக் நிலைய வாசலில் இரண்டு பேரும் வயிறு வலிக்கச் சிரித்தோம்.

நான்காம் நாள் காலை முதல் வேலையாக பிராஸ் பாசா கடைக்குப் போனேன். ஆமை முயல் தொடர் அங்கேயே இருந்தது. நூற்றெண்பது வெள்ளியை எண்ணி வைத்தேன். அங்கேயே நின்று பேனா வாங்கி, முதல் அட்டையின் அப்பழுக்கில்லாத பின்பக்கத்தில் பிடோக் முகவரியை எழுத ஆரம்பித்தபோது கடைக்காரர் முதல் தடவையாகச் செய்தித்தாளைக் கீழே வைத்தார். நூறு வருஷம் சுத்தமாக இருந்த அட்டையை ஐந்து நிமிஷத்தில் பாழாக்குகிறாயே என்று ஆங்கிலத்தில் கேட்டார். இதை அச்சடித்ததே அனுப்புவதற்குத்தான் என்று சொன்னேன். அவர் கண்ணை மூடிக்கொண்டார். உள்ளூர்த் தபால்தலை ஒன்றை ஒட்டி, சிராங்கூன் சாலையில் இருந்த தபால் பெட்டியில் போட்டேன். மீதி நாலையும் ஊரிலிருந்து ஒவ்வொன்றாக அனுப்புவதாகத் திட்டம்.

ஏப்ரல் கண்காட்சியில் என் நடு ஃபிரேமில் அட்டைகள் இல்லை. ஒரு புகைப்படம் இருந்தது. சாப்பாட்டு மேசை, ஐந்து அட்டை, ஓரத்தில் மீன் குழம்புக் கிண்ணம், அலகின் மேல் ஒரு விரல். பார்க்க வந்த ஒருவர் எண் வரிசை தப்பாக இருக்கிறது என்று என்னிடம் வந்து அக்கறையாகச் சொன்னார். இந்தக் கதை அந்தப் பக்கத்திலிருந்துதான் தொடங்குகிறது என்றேன். அவருக்குத் திருப்தி இல்லை.

இனி போகிறவர்களுக்கு. பிராஸ் பாசா பகுதியில் பழைய அட்டைக் கடைகள் பதினொரு மணிக்கு முன்னால் திறப்பதில்லை, திங்கள்கிழமை போகாதீர்கள். பெட்டியைக் கிண்டும்போது பூனைகளைக் கண்டு சோர்ந்துவிடக்கூடாது, நல்லது எப்போதும் அடியில்தான் கிடக்கும். புடைப்பு அச்சா என்று பார்க்க அட்டையைச் சாய்த்து வெளிச்சத்தில் பிடியுங்கள், நிழல் விழும். பழைய பிரெஞ்சு அட்டைகளில் பின்பக்கம் முழுவதும் முகவரிக்கு மட்டும்தான், அதனால் படத்தின் மேலேயே கிறுக்கியிருப்பார்கள், அதைக் குறையாக நினைக்க வேண்டாம். லிட்டில் இந்தியாவில் ஞாயிறு மாலை நிற்க இடமிருக்காது, வார நாளில் தங்குங்கள். சாப்பாட்டுக்கு நாளைக்கு இருபத்தைந்து வெள்ளி தாராளம், உணவங்காடியில் சாப்பிட்ட தட்டை நீங்களே கொண்டுபோய் வைக்க வேண்டும். இன்னொரு சேகரிப்பாளர் வீட்டுக்குப் போகிறீர்களா? அட்டையில் கறை பார்த்தால் வாயைத் திறப்பதற்கு முன்னால் அது யார் கை என்று கேட்டுவிடுங்கள். நான் கேட்கவில்லை. அது இன்றைக்கும் உறுத்துகிறது.

ஆமை முயலில் இரண்டாவது, மூன்றாவது, நான்காவது அட்டைகளைத் திருச்சியிலிருந்து வாரத்துக்கு ஒன்றாக அனுப்பினேன். நான்காவதில் முயல் மரத்தடியில் குறட்டை விடுகிறது, ஆமையைக் காணோம். ஐந்தாவதில்தான் ஆமை எல்லைக் கோட்டைத் தாண்டி நிற்கும். கண்காட்சி வேலையில் அதை அனுப்ப மறந்துபோய், மேசை இழுப்பறையிலேயே கிடந்துவிட்டது. போன ஞாயிற்றுக்கிழமை காலை சாகுல் நானாவின் எண்ணிலிருந்து ஒரு குரல் பதிவு வந்தது. திறந்தால் நானா இல்லை. முதலில் மூச்சு வாங்குகிற சத்தம், பின்னால் எங்கேயோ மின்விசிறி. அப்புறம் லாத்தாவின் குரல், ஒவ்வொரு வார்த்தையாக, கொஞ்சம் கோபமாகவே.

"ஆமை... இன்னும்... வரல."

அன்று தபால் நிலையம் கிடையாது. திங்கள் காலை அவர்கள் கதவைத் திறப்பதற்கு முன்பே தபால்தலைக்குச் சில்லறையோடு நான் வாசலில் நின்றுகொண்டிருந்தேன்.